உப்பு வண்டிக்கு ஒரு கார்டு

கார்டு விஷயத்தில் செந்தமிழுக்கு ஆரம்பத்திலிருந்தே ரெண்டு மனசு.

பாண்டிச்சேரியில் புதிதாக ஆரம்பித்த கம்பெனி. வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டிக் கார்டு வாங்கிவிட்டால், வண்டி எந்த ரோட்டில் படுத்தாலும் போன் போட்டால் போதும். மெக்கானிக்கோடு வேன் வந்து நிற்கும், கூலி கிடையாது. அந்த 2005ஆம் வருஷ ஆடி மாசம் மரக்காணம் உப்பளத்தில் லோடு ஏற்றும் இடமெல்லாம் இதே பேச்சு. செந்தமிழிடம் இருந்தது ஒரே ஒரு பழைய 407 லாரி. அவனே முதலாளி, அவனே டிரைவர். கார்டுக்குக் கட்டும் பணத்தில் பின்சக்கரத்துக்கு ஒரு டயர் மாற்றிவிடலாம்.

"எடுத்துடுங்க," என்றாள் அவன் பெண்டாட்டி சுலோசனா. "வண்டி நின்னா நம்ம வீட்டு அடுப்பும் சேர்ந்து நிக்குது."

"வருஷம் பூரா நிக்காம ஓடுச்சுன்னா? கட்டுன காசு தண்டம்தானே?"

"ஓடட்டுமே. அதுவும் நல்லதுதானே?"

அவன் நேராகத் தட்சணாமூர்த்தியிடம் போனான். எதுவாக இருந்தாலும் தட்சணாவிடம் கேட்டுச் செய்துதான் அவனுக்குப் பழக்கம். பிரம்மதேசம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. தட்சணா கூனிமேட்டில், கடலோர ரோட்டின் மேலேயே மெக்கானிக் கொட்டகை போட்டிருந்தான். சுனாமி அந்தக் கொட்டகையைச் சுருட்டிக்கொண்டு போனபோது, பெண்டாட்டி பிள்ளைகளோடு பிரம்மதேசம் வந்தவன், புதுக் கொட்டகை எழும்பும் வரை செந்தமிழ் வீட்டில்தான் சாப்பிட்டான். செந்தமிழின் வண்டி எங்கே நின்றாலும் தட்சணாதான் வருவான். வாங்கும் கூலியை வாங்கிக்கொள்வான், ஆனால் வராமல் இருந்ததில்லை.

விஷயத்தைக் கேட்டதும் தட்சணா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"உனக்கு எதுக்குடா கார்டு? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அவ்வளவுதான். செந்தமிழ் மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "அவரு இருக்கறப்ப சரி, இல்லாதப்ப?" என்று சுலோசனா கேட்டதற்கு, "அவன் எங்க பூடப்போறான்?" என்றான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கிளியனூர் பக்கம் இருந்த கோழித்தீவனக் கம்பெனிக்கு அவசரமாக உப்பு வேண்டும் என்றார்கள். மழையில் உப்பு ஏற்ற யாரும் முன்வரவில்லை, அதனால் வாடகை நன்றாக இருந்தது. செந்தமிழ் மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். திண்டிவனம் தாண்டி, கிளியனூருக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. இறங்கி டீசல் லைனைக் கழற்றிப் பார்த்தான். பம்ப் டீசலை மேலே ஏற்றவில்லை. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான், வண்டி கிளம்புவதாக இல்லை. மேலே தார்ப்பாயில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

தட்சணாவுக்கு போன் போட்டான்.

"டேய், நான் பாண்டியில இருக்கேன்டா. மச்சினிச்சி வூட்டு விசேஷம். இன்னிக்கு வர முடியாது. யாரையாவது புடிச்சுப் பார்த்துக்கோ," என்றான் தட்சணா. லைன் அறுந்தது.

விசேஷ வீட்டிலிருந்து ஒருத்தனை எப்படி இழுப்பது? செந்தமிழ் அதைத் தப்பாக நினைக்கவில்லை. தார்ப்பாயின் ஒரு மூலை கிழிந்து, பின்பலகை வழியாகத் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது. மூட்டை கரைய ஆரம்பித்துவிட்டது.

கூப்பிடு தூரத்தில் ஒரு வெள்ளைக் காரும் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது, மெட்ராஸ் குடும்பம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வேன் ஒன்று வந்து அந்தக் காருக்குப் பின்னால் நின்றது. கார்டு கம்பெனி வேன். குடையோடு ஒரு சூப்பர்வைசர் இறங்கினான். அவனுக்குப் பின்னால் மஞ்சள் சட்டை போட்ட மெக்கானிக் டூல்ஸ் பெட்டியோடு இறங்கினான்.

நடையைப் பார்த்ததுமே செந்தமிழுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கண்ணில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். தட்சணாதான்.

ஓடினான். பக்கத்தில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. "தட்சணா... பாண்டியில இருக்கேன்னியேடா?"

தட்சணா ஒருகணம் நிமிர்ந்தான். சூப்பர்வைசரை ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது போலக் கேட்டான்.

"கார்டு இருக்குதுங்களா?"

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன் வாயிலிருந்து வந்த அந்த 'ங்க' செந்தமிழைச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. சூப்பர்வைசர் பாவம், நல்ல மனுஷன். அவனே பேசினான்.

"மெம்பர் இல்லாத வண்டியில கை வைக்கக் கூடாதுங்க, ரூல்ஸ். நீங்களும் மரக்காணம் உப்பு வண்டிதானா? அங்க முக்காவாசி வண்டிக்குக் கார்டு எடுக்க வச்சதே நம்ம தட்சணாமூர்த்திதான். ஆடி மாசத்துல இருந்து எங்ககூடத்தான் இருக்காரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லலைங்க," என்றான் செந்தமிழ்.

தட்சணா காரின் பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் நிமிரவே இல்லை.

செந்தமிழ் திரும்பி நடந்தான். மஞ்சள் வேன் வேலையை முடித்துக்கொண்டு அவன் வண்டியைத் தாண்டியே போனது. செந்தமிழ் தலை தூக்கிப் பார்க்கவில்லை. கடைசியில் அந்த வழியாக வந்து நிறுத்தியவன் செல்லப்பன். லோடு பிடிப்பதில் தகராறாகி, இரண்டு வருஷமாக முகம் பார்த்துப் பேசாத ஆள். "இன்னாபா, நின்னுடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை எடுத்துக் கட்டினான். கம்பெனி வரை இழுத்துக்கொண்டு போய், மேல் மூட்டைகள் பாதியாகிப் போன லோடை இறக்கும்வரை காத்திருந்து, அதே கயிற்றில் பிரம்மதேசம் வரை கொண்டுவந்து விட்டான். டீக்கு நிற்கச் சொன்னபோது கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் தட்சணா டூல்ஸ் பெட்டியோடு வாசலில் நின்றான். மஞ்சள் சட்டை இல்லை.

"பம்புல ஒரு வாஷர்தான்டா. அரை மணி வேலை, கூலி வேணாம். நேத்து அந்த ஆளு பக்கத்துலயே நின்னுட்டிருந்தான். இன்னா பண்ணச் சொல்ற? வேலை பூட்டா எனக்கு யாரு குடுப்பா?"

சுலோசனாதான் கேட்டாள்.

"அது சரிங்கண்ணா. எல்லாரையும் கார்டு எடுக்கச் சொன்னீங்களே, இவரை மட்டும் ஏன் வேணாம்னீங்க?"

தட்சணா பெட்டியைக் கீழே வைத்தான்.

"கம்பெனி சம்பளம் பத்தலைமா," என்றான். "இவன் வண்டி பழசு. எப்பவும் ஏதாவது வேலை வந்துட்டே இருக்கும். கார்டு எடுத்துட்டா எனக்குக் கூலி வராது. இந்த ஒரு வண்டியாவது வெளிவேலையா கையில இருக்கட்டும்னு..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. இத்தனை வருஷமாக ரோட்டோரம் நின்று, 'என் தட்சணா வருவான்' என்று காத்திருந்த ஒவ்வொரு தடவையும் செந்தமிழின் கண்முன் வந்து போனது. நேற்றைய பொய்யைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்த 'நான் இன்னா செத்தா பூட்டேன்' என்ற சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

"பெட்டியை எடுத்துக்க," என்றான். "வண்டிமேல கை வைக்காத."

தட்சணா நின்று பார்த்தான். பிறகு பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

திண்டிவனத்திலிருந்து ஆள் வந்து வண்டியைச் சரிசெய்தான். அடுத்த வாரமே சுலோசனா பணத்தைக் கட்டிக் கார்டை வாங்கிவிட்டாள். "வர்றவன் எவனா இருந்தா இன்னா? நாம காசு கட்டியிருக்கோம், அவன் வந்துதான் ஆகணும்," என்றாள். நியாயமான பேச்சு. செந்தமிழ் மறுக்கவில்லை. கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

தை மாசம் பிரம்மதேசம் ஏரிக்கரைப் பக்கம் வண்டி மறுபடி நின்றது. நல்ல வெயில். செந்தமிழ் கார்டை எடுத்து, அதிலிருந்த நம்பரைப் போனில் முக்கால்வாசி அமுக்கினான். அந்த ரோட்டுக்கு யாரை அனுப்புவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். போனை மூடிவிட்டு, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி, திண்டிவனம் போய் ஒரு மெக்கானிக்கைக் கூலி பேசி அழைத்து வந்தான். அன்றைய வாடகை அதோடு போயிற்று.

சாயங்காலம் சுலோசனா விஷயத்தைக் கேட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

"அப்புறம் எதுக்குங்க அதை எடுத்தோம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.