கையோடு வந்த முளை

ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் சிட்டு. கணவனிடம் திரும்பிப் போவதில்லை என்று முடிவானதும் அந்த ஒரு மாதம் மூன்று வருஷமாக நீண்டுவிட்டது. யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு ஜிப் மாற்றினாள், பேன்ட் உயரம் குறைத்தாள். நடுநடுவே பாத்திரம், துணி, ஜன்னல். அண்ணன் கழற்றி எறிந்த சாக்ஸைக்கூட ஜோடி தேடிச் சேர்த்து வைத்தாள். சும்மா உட்கார்ந்தால் நாற்காலி சுட்டது அவளுக்கு.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அளந்து பேசுவாள். அவளுக்கென்று ஆசையாக இருந்தது ஒன்றே ஒன்று: பின்பக்கச் சுவரோரம், காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில் வைத்திருந்த காட்டு ஆர்க்கிட். தொட்டியில் தொங்குகிற சொகுசு ரகம் இல்லை. தரையில் வளர்ந்து, பனி கொட்டினாலும் மண்ணுக்குள் தூங்கிப் பிழைத்துக்கொள்கிற ரகம். நர்சரியில் விதையிலிருந்து வளர்த்த கன்றை வாங்கி, மணல், சரளை, மக்கின இலை எல்லாம் கலந்து நட்டு நாலு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு பூ பார்க்கவில்லை.

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று சிட்டு எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"அதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. உரம் போட்டா வேர் கருகிடும். ரொம்பக் காஞ்சா மட்டும் பீப்பாய்ல இருக்கற மழைத் தண்ணியை ஊத்து. மத்தபடி நம்ம கை படாம இருந்தாலே போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சிட்டுவுக்குக் கைவராத வேலை.

அந்த வருஷம் குளிர் விட்ட பிறகும் முளை வரவில்லை. கடைக்குக் கிளம்புமுன் அண்ணி தினமும் சுவரோரம் குந்தி ஒரு நிமிஷம் பார்ப்பாள். பிறகு எழுந்து போவாள். மூன்று நாள் பொறுத்த சிட்டு, நாலாம் நாள் வீடு காலியானதும் மேலே கிடந்த சருகை விலக்கி விரலால் மண்ணைக் கிளறினாள். உயிர் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இருந்தது. விரல் நுனியில் ஏதோ நறுக்கென்றது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை முளை, அவள் கையோடு வந்துவிட்டது.

சருகை மூடினாள். முளையைத் தூக்கிப் போட மனம் வராமல் நூல் டப்பாவில் வைத்தாள். அன்று ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்து, மறுபடி பிரித்தாள்.

பத்து நாள் அண்ணி குந்திப் பார்த்தாள். பதினோராம் நாள் அண்ணி கையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நான்தான் ஆழமா நட்டுட்டேன் போலிருக்கு. என் தப்பு."

அதைக் கேட்டபின் சிட்டுவால் தாங்க முடியவில்லை. நூல் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். முளை காய்ந்து சுருண்டிருந்தது.

"நீங்க இல்ல அண்ணி. நான் நோண்டிப் பாத்தேன். உடைஞ்சிடுச்சு. அடுத்த வாரத்துக்குள்ள வேற இடம் பாத்துக்கறேன்."

அண்ணியின் முகம் சிவந்தது.

"எனக்குக் கோபம் வருது. நிஜமாவே வருது. ரெண்டு நாளைக்கு என்கிட்ட பேசாத." வாசற்படியில் நின்று திரும்பினாள். "இடம் எதுக்குப் பாக்கணும்? என் புது ஸ்கூட்டரைக் கொண்டுபோய் உங்கண்ணன் சுவத்துல இடிச்சாரே, அவரை எங்கயாவது அனுப்பிட்டேனா?"

சொன்னபடியே இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அந்த இரண்டு ராத்திரியும் சிட்டு அடித்துப் போட்டமாதிரி தூங்கினாள். அவள் மூன்று வருஷமாகப் பயந்துகொண்டிருந்த கோபம் வந்தேவிட்டது. வந்தும், காலையில் அவள் தட்டு வழக்கமான இடத்தில்தான் இருந்தது.

நர்சரிக்காரருக்கு அண்ணி போன் செய்தாள். வேர் நன்றாக இருந்தால் பக்கத்தில் இன்னொரு முளை கட்டும், ஒரு வருஷம் மண்ணுக்குள்ளேயே கிடந்தாலும் கிடக்கும், கிளறாதீர்கள் என்றார் அவர். அந்த வருஷம் ஒன்றும் வரவில்லை. சிட்டு அந்தப் பக்கம் போகும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சில சாயங்காலங்களில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பின்படியில் காலை நீட்டி உட்காரவும் செய்தாள்.

மறுவருஷம் இரண்டு இலை வந்தது. நீளவாக்கில், அளந்து கொசுவம் வைத்துத் தைத்தமாதிரி. பூ இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரைக் குழாயில் அடைத்திருந்த குப்பையை எடுக்க அண்ணன் ஏணி கொண்டுவந்தான். ஏணியின் கால் இலைக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது.

"அண்ணா, எடு அதை. கண்ணை எங்க வச்சிருக்க நீ?"

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அண்ணன் வீட்டில் சிட்டுவின் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அண்ணன் ஏணியைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். உள்ளே அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

"ரெண்டு இலைக்கா இந்த அதட்டல்?" என்றான் அண்ணன்.

"மூணாவது வருது. தள்ளி வை."