நேரமாகிவிடுமோ என்று பயந்த என்ஜின்

அக்டோபர் பதினான்காம் தேதி பகல் பன்னிரண்டு மணிவாக்கில், இரண்டாவது சுரங்கப்பாதைக்குள் போய்க்கொண்டிருந்த ரன்வாவின் வேனுக்குள் கணுக்கால் உயரத்துக்குக் கடல் தண்ணீர் ஏறியது. வெளியே மழை இல்லை. அந்தப் பாதை மலையைக் குடைந்து போட்டது, கடலுக்கு எண்பது மீட்டர் மேலே இருப்பது. கதவுகளும் சாத்தியே இருந்தன. சுரங்கத்தைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் தண்ணீர் போன இடம் தெரியவில்லை, காலணிகளில் மட்டும் வெள்ளையாக ஓர் உப்புக்கோடு நின்றது. தேதி பதினைந்து என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு. ஆனால் அது புதன்கிழமை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் புதன்கிழமை ரன்வாவின் தம்பி சாமலுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நாள்.

ஃபாரோ தீவுகளின் வடகோடியில் இருக்கும் அந்த ஊரில் அப்போது நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். நகரத்துக்குப் போக இரண்டு சுரங்கங்களைக் கடக்க வேண்டும். இரண்டிலும் விளக்கு கிடையாது, ஒரு வண்டி போகத்தான் இடம், எதிரே வெளிச்சம் தெரிந்தால் அதற்கென்றே பக்கச் சுவரில் குடைந்த பள்ளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். சாமலின் இரண்டு சிறுநீரகங்களும் ஆறு வருடங்களுக்கு முன்பே கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஒரு மணிக்கு அவன் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் படுத்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும், மூன்றாவதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அவனுடைய அக்கா ரன்வாதான் இருபத்துநான்கு வயதான தன் வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். பதினொன்றரைக்கு அவன் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு தன் வீட்டு வாசலில் நிற்பான். அந்த ஆறு வருடமும் வளைவைத் திரும்பியவுடன் ரன்வா முதலில் பார்ப்பது அந்த வாசலைத்தான்.

வேனோடு வந்த பழைய என்ஜின் ஆகஸ்டில் நின்றுபோனது. நாலு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. புது வேன் வாங்க வழியில்லாததால் பிரித்துப் புதுப்பித்த என்ஜின் ஒன்றை ரன்வா தேடினாள். டென்மார்க்கில் ஒருவன் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் பேசினாள், கப்பலில் என்ஜின் வந்து இறங்கியது. போல்ட்டுத் தலைகள்கூட மறையும்படி வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உத்தரவாதக் காகிதத்தில் மூன்று முத்திரைகள் இருந்தன, ஓர் அளவுகூட இல்லை. பழைய என்ஜினைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அவனே சொன்னது அவளுக்குச் சலுகையாகத் தெரிந்தது. ஒழுங்காக என்ஜின் கட்டுகிறவன், அடுத்ததைக் கட்டப் பழைய வார்ப்பிரும்புக் கூட்டைக் கேட்காமல் விடமாட்டான் என்பதை அவள் அப்புறம்தான் யோசித்தாள். அதற்கும் மேலே ஒன்று உண்டு. என்ஜினைப் பிரித்தால் பிஸ்டன் மாறும், ரிங் மாறும், பேரிங் மாறும். வார்ப்பிரும்பு மாறாது, அதை ஓட்டியவரின் பயம் அந்த வார்ப்பிரும்பில் தங்கிவிடும். அந்தத் தீவுகளில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பயத்தைப் பற்றிப் பேசுவது மரியாதையாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், ஆகவே வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. ரன்வாவும் கேட்கவில்லை.

தண்ணீர் ஒவ்வொரு பயணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக அதே வேனில் வரும் ஊர்க்காரி எல்ஸ்பா ரப்பர் பூட்ஸுக்கு மாறினாள். "ஏண்டி ரன்வா, டிக்கெட் வாங்காம படகுல ஏத்திக்கிட்டுப் போறியேடி, புண்ணியவதி!" என்று முதல் வாரம் சிரித்தாள். மூன்றாவது வாரம் தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது சீட்டின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். சாமலின் உதடு அந்தக் குளிரில் நீலமாகும். "அக்கா, நீ ரோட்டைப் பாரு, என்னைப் பார்க்காத" என்பான். நவம்பர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, இரண்டாவது சுரங்கத்தின் நட்டநடுவில் என்ஜின் இறுகி நின்றது. விளக்கும் அணைந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்து அங்கேயே நின்றது. எதிரில் எங்கோ ஒரு லாரி வரும் சத்தம் கேட்டது. அது எந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டது, இவர்களைப் பார்க்குமா பார்க்காதா என்று தெரியவில்லை. ரன்வா இறங்கிக் கைவிளக்கை வீசிக்கொண்டு இருட்டுக்குள் ஓடினாள். மீன் லாரி மூன்றடி தூரத்தில் நின்றது, அதுவே வேனைக் கட்டி வெளியே இழுத்தும் போட்டது. சாமல் இயந்திரத்தில் படுத்தபோது மணி நான்கு. அன்று அவன் முகத்தின் நிறத்தைப் பார்த்த நர்ஸ் எதையும் கேட்காமல் ஊசியை எடுத்தாள்.

தென்கோடித் தீவில் பழைய என்ஜின்களைப் பிரித்துக் கட்டி விற்கும் ரெகின் என்று ஒருவன் இருக்கிறான் என்று எல்ஸ்பாதான் சொன்னாள். அவனிடம் வாங்கியவர்கள் திரும்பிப் போய்ச் சண்டை போட்டதில்லை, ஆனால் வாங்கிவந்த அன்று யாருடனும் பேசுவதுமில்லை என்றாள். ஊரார் முறைபோட்டுக்கொண்டு சாமலை நகரத்துக்குக் கூட்டிப்போன வாரத்தில், கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த பழைய என்ஜினையும் வெள்ளி நிற என்ஜினையும் ஒரு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ரன்வா இரவல் காரில் கப்பலேறிப் போனாள். ரெகின் ஐம்பது வயதுக்காரன், வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. முதல் வேலையாக வெள்ளி நிற என்ஜினின் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, பேரிங்கின் மேல் விரலை ஓட்டி, அந்த விரலை நாக்கில் வைத்தான். "உப்பு. இதை ஓட்டினவன் படகுத்துறையில வண்டியோட கடலுக்குள்ள போயிருக்கான் பாவம். வெளியில எடுத்து, காய வெச்சு, பெயிண்ட் அடிச்சு உங்க தலையில கட்டிட்டானுங்க." இதைப் பால் கெட்டுவிட்டது என்பதுபோலச் சொன்னான்.

அவன் பட்டறையில் பதினேழு என்ஜின்கள் மரப்பலகைகளின் மேல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சணல் கயிற்றில் ஒரு காகிதம் கட்டியிருந்தது. சிலிண்டரை எவ்வளவு கடைந்தது, கிராங்கை எவ்வளவு தேய்த்தது, எந்த பேரிங் புதிது, எது பழையதே போதும் என்று விட்டது, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்றெல்லாம் அவன் கையெழுத்தில் இருந்தது. கடைசி வரியில், ஓட்டியவர் எதற்குப் பயந்தார் என்று எழுதியிருந்தது. ரன்வாவின் வேனுக்குப் பொருந்துவது மூன்று. முதலாவதன் கடைசி வரி, உயரம். அது மேட்டில் ஏறாது என்று ரெகினே சொன்னான். இரண்டாவது, மனைவிக்குத் தெரிந்துவிடுமோ என்பது. "இது நல்லா ஓடும், ஆனா தெரிஞ்சவங்க வீடு வந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சந்துக்குள்ள பூந்துரும்." மூன்றாவது ஒரு மருத்துவச்சியின் வேனிலிருந்து கழற்றியது. நேரமாகிவிடுமோ என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு பிரசவத்துக்கு அவள் போய்ச்சேரும்போது நேரமாகியிருந்ததாம். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறாள்.

"இதையே கொடுங்க" என்றாள் ரன்வா.

ரெகின், பதிலுக்கு எடுத்துக்கொள்ளும் அவளுடைய பழைய என்ஜினுக்கு ஒரு காகிதம் எடுத்து அளவுகளை எழுதினான், கடைசி வரியில் வந்து பேனாவை நிறுத்தினான். "நீங்க எதுக்குப் பயந்தீங்க?"

"எதுக்கும் இல்ல."

"அப்ப இதையும் தூக்கிக்கிட்டுப் போங்க. வெறுங்காகிதம் கட்டி நான் விக்கிறதில்ல."

"சுரங்கம். இருட்டு. போதுமா?"

"அது எல்லாருக்கும்தான். உங்களது என்னன்னு கேட்டேன்."

அவன் அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்தான், காய்ந்த ஆட்டிறைச்சியை மெல்லியதாகச் சீவி அவள் முன்னால் வைத்தான். கப்பல் நான்கு மணிக்கு. மூன்றேகால் வரை அவள் எதுவும் சாப்பிடவில்லை. பிறகு கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "என் தம்பி வாசல்ல நிப்பான். வளைவு திரும்பும்போது பார்ப்பேன். ஒரு நாள் அவன் அங்க நிக்கமாட்டான்னு பயம். அது இல்ல..." நிறுத்தினாள். "அன்னிக்கு எனக்கு அப்பாடான்னு இருந்துருமோன்னு பயம்."

ரெகின் தலையைத் தூக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதி, ஈரம் காய ஊதி, சணலில் கட்டினான். "கிழங்கு ஆறுது, சாப்பிடுங்க" என்றான். அந்த என்ஜினை அடுத்த வருடம் தெற்கே ஒரு ரொட்டி வியாபாரி கடைசி வரியைப் படித்துவிட்டே வாங்கினார். வாசலில் ஆள் நிற்காத வீடுகளின் முன்னால் அவருடைய வண்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்ததாம், வியாபாரத்துக்கு அதனால் நஷ்டமில்லை என்று கேள்வி.

மருத்துவச்சியின் என்ஜினை ரன்வா முறைப்படி பழக்கினாள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அதை விரட்டவில்லை, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவில்லை, ஐந்நூறாவது கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினாள். சுரங்கத்தில் ஒவ்வொரு தடவையும் தன் காலைப் பார்த்தாள், காய்ந்தே இருந்தது. ஜனவரி எட்டாம் தேதி, பதினொன்று இருபதுக்கு, சாவி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே வேன் தானாகக் கிளம்பி உறுமிக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் பதினொன்று பத்துக்கு. சாமலும் முன்னதாகவே கோட்டுப் போட்டுக்கொள்ளப் பழகினான். "உன் வண்டிக்கு என் மேல இருக்கிற அக்கறை எனக்கே கிடையாதுக்கா" என்றான். ரன்வா சிரிக்கவில்லை. தெற்கே சொன்னது வடக்கே வந்துசேர அந்தத் தீவுகளில் ஒரு வாரம் போதும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை அவன் வண்டியில் ஏறும்போதும் அவன் முகத்தில் அது தெரிகிறதா என்று தேடினாள்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லோரும் வீடு திரும்பி அடுப்பேற்றிய நேரத்தில், வேன் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை. சத்தம் கேட்டவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள், பிறகு வாசலுக்கு வந்தார்கள். அது யாருக்காகக் கிளம்பியதோ என்று, யாரும் சொல்லாமலே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ரன்வா ஏறி உட்கார்ந்தாள், ஸ்டியரிங்கில் கையை வைத்திருந்தாள், அவ்வளவுதான், வண்டி தன் போக்கில் நகர்ந்தது. சர்ச்சைத் தாண்டியது. எல்ஸ்பாவின் வாசலில் வேகம் குறைந்தது. எல்ஸ்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "போடி, போடி, தாண்டிப் போடி" என்று முணுமுணுத்தாள், தாண்டியது. வளைவு வந்தது. சாமல் வாசலில் நின்றான். வண்டி அவன் முன்னால் நிற்கவில்லை. அவனையும் தாண்டி, ஊரை ஒரு முழுச்சுற்று சுற்றி, ரன்வாவின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

வண்டியின் பின்னாலேயே மேட்டில் ஏறி வந்த சாமல் மூச்சு வாங்கக் கதவைத் திறந்தான். "அக்கா, நகர்ந்து உட்காரு."

"எனக்கு ஒண்ணுமில்லடா. காலையிலேர்ந்து தோள் வலிக்குது, அவ்வளவுதான்."

"நகருன்னு சொல்றேன்ல."

ஆறு வருடமாக ஸ்டியரிங்கைத் தொடாதவன் ஓட்டினான். இரண்டாவது சுரங்கத்துக்குள் ரன்வாவின் தோள் வலி தாடைக்கு ஏறியது, நெற்றி வேர்த்தது. அவள் சாகப்போகிறேன் என்று நினைத்தாள், அதனால் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "சாமல், நான் தெக்க ஒரு விஷயம் சொன்னேன்டா..."

"தெரியும். எல்ஸ்பா டிசம்பர்லயே சொல்லிட்டா." எதிரே வெளிச்சம் தெரிந்தது. அவன் பள்ளத்தில் ஒதுங்கவில்லை, ஒலிப்பானை அடித்துக்கொண்டே போனான், எதிரே வந்த வண்டி பின்னால் நகர்ந்து இடம் விட்டது. "ஒரு நாளாச்சும் உன் வண்டி வராம இருந்தா, நிம்மதியா படுத்துத் தூங்கலாமேன்னு நானும்தான் நினைச்சிருக்கேன். இந்த என்ஜின் போனா அந்த ஆளு என்கிட்டயும் கேப்பான்ல? அப்ப எழுதிக்கட்டும். இப்ப பேசாம மூச்சு விடு."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்தபோது ஒன்றேகால். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். வாசலில் நின்ற வேன் அப்போதுதான் தானாக அணைந்தது.

அதற்குப் பிறகு பதினொரு வருடங்களில் அந்த வேன் நேரமில்லாத நேரத்தில் ஒன்பது தடவை கிளம்பியது. பத்து என்று சொல்பவர்கள் ஒரு பொய்க் கிளம்பலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் கதவுக்கு வெளியே கோட்டு மாட்ட ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள், குழந்தைகளின் பொத்தானையும் போட்டுவிடுவார்கள். வேன் கடந்து போன வீடுகளில் உள்ளே போய் உருளைக்கிழங்கை மறுபடி அடுப்பில் ஏற்றுவார்கள்.