நீந்தப் போன சறுக்குவண்டி

கப்வியாக் அந்தக் குளிர்காலத்துக்குச் செய்த சறுக்குவண்டிக்கு நாடித் துடிப்பு இருந்தது. அதை முதலில் கண்டவள் அவன் மனைவி அர்னாலுக். அந்தக் கரையில் மரம் கிடையாது. கடல் ஒதுக்கும் கட்டைகூட அந்தப் பக்கம் வராது. அதனால் ஆற்றுக்குக் குறுக்கே கல் அடுக்கிய கல்லணையில் பிடித்த சிவந்த வயிற்று மீன்களை ஈரத் தோலில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நரம்புக் கயிற்றால் இறுக்கி வெளியே போட்டுவிடுவார்கள். குளிர் அதைக் கட்டையாக்கிவிடும். அப்படி இரண்டு சுருள்தான் வண்டியின் சறுக்குக் கட்டைகள்; குறுக்கே மான்கொம்புகள், அடியில் பாசிச் சேறு, அதன்மேல் பனிக்கட்டிப் பூச்சு. பூச்சு அர்னாலுக்கின் வேலை. வாயில் வெதுவெதுப்பாக்கிய நீரைக் கரடித்தோல் துண்டில் உமிழ்ந்து ஒரே இழுப்பாக இழுப்பாள். பூச்சு கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அப்படி இழுக்கும்போதுதான் கைக்கு அடியில் துடிப்பு தெரிந்தது. கப்வியாக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஆமா, துடிக்குது," என்றான் அவன். "கயிற ரொம்ப இறுக்கிட்டேன் போல." ஒரு சுற்றைத் தளர்த்திக் கட்டினான்.

அந்த வருஷம் வளைகுடாவின் உறைந்த பரப்பில் பனிவீடு கட்டிக் குடியிருந்தார்கள். சீல் என்ற கடல்நாய் மூச்சுவிட வரும் பனித்துளைகளுக்கு மேல் ஆண்கள் குனிந்தபடி நின்றார்கள், ஒன்றும் வரவில்லை. விளக்கெரிக்கும் சீல் கொழுப்பு தீர்ந்து விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்ததும் குடிநீரும் இல்லாமல் போனது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பனி, உருக்க ஒரு சுடர் இல்லை. வண்டி இழுக்கும் நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மற்ற குடும்பங்கள் தங்கள் வண்டிகளை உடைத்துத் தின்றன. அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. வண்டி என்பதே கடைசிச் சாப்பாடுதான்.

"அண்ணி, நம்ம வண்டியயும் உடைச்சிரலாம்," என்றான் கப்வியாக்கின் தம்பி தூலிக்.

"உடைச்சுத் தின்னுட்டு? அப்புறம்?"

"அப்புறம் பசிக் காதடைப்பு போயி, கொஞ்ச நாளைக்கு உங்க திட்டு காதுல நல்லா விழும்."

ஆற்றங்கரையில் கற்குவியலுக்கு அடியில் வளைகுடாவுக்கே போதுமான மீன் பதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் அவ்வளவு தூரம் நடக்க யாருக்கும் காலில் வலுவில்லை. மகள் சிக்சிக் அழுவதை நிறுத்தியிருந்தாள். அர்னாலுக்குக்கு அதுதான் பயம். கப்வியாக் கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் வண்டியின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். மகளின் மணிக்கட்டில் இருந்ததைவிட அங்கே துடிப்பு பலமாக இருந்தது.

"இது நம்மளவிட நல்லா இருக்கு," என்றாள். "இதுமேல ஏறிப் போவோம்."

"நாயில்லாம யாரு இழுப்பா? நானா?" என்றான் தூலிக்.

"உன்ன யாரு இழுக்கச் சொன்னா? நீயும் ஏறு."

பனியை வாயில் அடக்கி, உதடு வெடிக்க வெடிக்க உருக்கி, வண்டியின் அடியைப் புதிதாகப் பூசினாள். மகளைத் தோலில் சுற்றிக் கிடத்தினாள். எல்லோரும் ஏறியதும் வண்டி ஒருமுறை நெளிந்தது. பிறகு எதிர்நீச்சல் போடும் மீன்போல இடமும் வலமுமாக உடலை வீசியபடி ஆற்றை நோக்கிப் புறப்பட்டது. அதன் இரு பக்கமும் பனித்தூள் நீராக விலகி, பின்னால் அலையாக மடிந்தது. தூலிக் மான்கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பனிப்புயல் எழுந்தபோது வண்டி தானே நின்றது; கப்வியாக் பனிக்கட்டிகளை அறுத்து வீடு கட்டி எல்லோரையும் உள்ளே சேர்த்தான். புயல் ஓய்ந்ததும் அது வாசலில் காத்திருந்தது.

ஆற்றங்கரைக்கு வந்ததும் கற்களைப் புரட்டி மீனை எடுத்துச் சாப்பிட்டார்கள். சிக்சிக் இன்னும் வேண்டும் என்று அழுதாள். அந்தக் குரலைக் கேட்டு அர்னாலுக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளைகுடாவில் பசித்திருந்தவர்களுக்கு மீனை ஏற்றிப் போனதும் அதே வண்டிதான். ஆற்றை விட்டுக் கிளம்ப அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. கப்வியாக் பக்கத்தில் உட்கார்ந்து நயமாகக் கேட்டுக்கொண்டதும் போயிற்று. யாரும் சாகவில்லை.

சூரியன் மறையாத நாட்கள் வந்தன. பூச்சு சொட்டத் தொடங்கியது, தோல் தளர்ந்தது. மீனை அறுத்துத் தின்னத் தூலிக் கத்தியோடு வந்தான். தோலுக்குள் செவுள்கள் திறந்து மூடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கத்தியை உறையில் போட்டான்.

"இவங்க முதுகுலல்ல வந்தோம்," என்றான்.

அர்னாலுக் கயிற்றை அறுத்தாள். எல்லோரும் மீன்களைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப்போய் உடைந்த பனிக்கு இடையே நீரில் விட்டார்கள். அவை வால் வீசிக் கடலுக்குப் போயின. ஒவ்வொன்றின் இடுப்பிலும் கயிற்றுத் தடம் இருந்தது.

கோடை முடிவில் மீன் ஆற்றில் ஏறியபோது, கல்லணைக்குப் பக்கத்தில் அர்னாலுக் ஒரு தோலை நனைத்து விரித்திருந்தாள். தடம் போட்ட மீன்கள் கூட்டத்தை விட்டு விலகி, கரையேறி, அந்தத் தோலில் தலையும் வாலும் மாறி மாறி வைத்து வரிசையாகப் படுத்துக்கொண்டன. தூலிக் ஈட்டியைக் கீழே வைத்தான். கப்வியாக் வானத்தைப் பார்த்தான், காற்றில் கையை நீட்டிப் பார்த்தான்.

"உறையுற அளவுக்கு இன்னும் குளிரு வரலியே," என்றான் மீன்களிடம். "போயிட்டு அப்புறமா வாங்க."

அவை எழுந்து தண்ணீருக்குள் போயின. ஆறு உறையத் தொடங்கியபோது மறுபடி வந்தன.