ஒரே மைக்

"கண்ணு, பேய்க்கா எடம் விட்டு நிக்கிறே? நடுவுல வா" என்றாள் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஷோனா.

லோர்னா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். மைக்குக்கு இடப்பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தாள். வலப்பக்கம் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். கிளாஸ்கோவின் மதுக்கடைகளில் இசைக்குழு நடத்திய காலத்திலிருந்தே அவளுக்கும் அண்ணன் யூவனுக்கும் ஒரே மைக்தான். அவள் ஒரு வரி பாடினால் அவன் அடித்தொண்டையில் பதில் பாடுவான். ஆளுக்கொன்று வாங்க வசதி வந்தும் அவன் விடவில்லை. கைதட்டலெல்லாம் அந்தப் பதிலுக்குத்தான். "யூவனோட தங்கச்சியும் பாடுமாமே" என்பார்கள். பாடுமாமே!

போன குளிர்காலத்தில் மாரடைப்பில் யூவன் போய்ச் சேர்ந்தான். அழுதாள், நிஜமாகவே அழுதாள். இனியாவது தன் குரலைத் தனியாகக் கேட்பார்கள் என்று மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் ஆல்பத்துக்கு ஒப்புக்கொண்டாள். அவள் பெயர் மட்டும் போட்டு வரப்போகிற முதல் ஆல்பம்.

"இன்னொன்னு" என்று ஷோனா தயங்கினாள். ஆரம்பத்திலிருந்தே அவர்கள் பாட்டை ஒலிப்பதிவு செய்தவள் அவள்தான். "ஒவ்வொரு வரி முடிஞ்சதும் சும்மா நிக்கிறே. எல்லாப் பாட்டுலயும். யாரோ பாட மறந்துட்ட மாதிரி இருக்கு."

"மூச்சு வாங்கறேன்."

"அவ்ளோ மூச்சு யாருக்குடி வேணும்? அவனோட பழைய பதிவு எங்கிட்ட இருக்கு. அந்த எடத்துல வெச்சுத் தைச்சிடலாம். ஆல்பம் போடற கம்பெனிக்காரங்களும் அதைத்தான் கேக்கறாங்க."

"செத்தும் விடமாட்டானா அவன்? இது என் ஆல்பம், ஷோனா."

நடுவில் போய் நின்றாள். இசை தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயும் நிற்காமல் பாடினாள். குரல் கரை உடைத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒருநாளும் பாடியதில்லை என்று அவளுக்கே பட்டது. முடித்ததும் சந்தோஷத்தோடு கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

ஷோனா முகம் வெளுத்துப்போய், பாடியதை அப்படியே ஓடவிட்டாள்.

முதல் வரி லோர்னாவுடையது. சுத்தமான சொந்தக் குரல். அது முடிந்ததும், கரகரப்பாக, யூவனுக்கே உரிய அலட்சியத்தோடு, பதில் எழுந்தது.

"பழசைச் சேத்துட்டியா? வேணாம்னு சொன்னேன்ல?"

"நான் எதையும் தொடலை, கண்ணு" என்றாள் ஷோனா. "நீதான் பாடுனே. ரெண்டையும்."

லோர்னா கழுத்தில் கைவைத்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வரி முடிந்து பதிலுக்கான இடம் வந்தபோது, உதடுகளை இறுக மூடியிருந்தும், விரல்களுக்கு அடியில் அவள் தொண்டை மெல்ல அசைந்தது.