கேன்ட் போட்ட ஓட்டு

ராய்ஸ் கேன்ட்டை நான் என்றைக்கும் நம்பியதில்லை. எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்து, நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு, மேசைக்கடியில் நாய்க்குப் போட்டவன் அவன்.

என் கணவர் ஹார்லன், பெல்டன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்துக்கு, பயிற்சியாளர். சனிக்கிழமை நடந்த கடைசி ஆட்டம் கேன்ட் பயிற்றுவிக்கும் அணியோடு. அதிலும் ஜெயித்தோம். வருடம் முழுக்க ஒரு தோல்விகூட இல்லை. ஆனால் அப்படித் தோற்காத அணிகள் மூன்று இருந்தன; கோப்பைக்கு ஆடப்போவதோ இரண்டுதான். எந்த இரண்டு என்பதைப் பயிற்சியாளர்கள் அணிகளை வரிசைப்படுத்தி ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் எதிராளியைச் சும்மா ஜெயித்தால் போதாது, போட்டு மிதிக்க வேண்டும்.

ஹார்லன் மிதிக்கவில்லை. ஆட்டம் முடியும் நேரம், பந்து கேன்ட் அணியின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் கையில் இருந்தது. பந்து வீசும் டெவ்ரியை, இன்னொரு முறை புள்ளி எடுக்காமல், பந்தோடு முழங்காலிட்டு நேரத்தைக் கரைக்கச் சொன்னார். விழுந்தவனை மேலும் அடிக்கக் கூடாதாம். எங்கள் ஊர்க்காரர்களே எங்களைப் பார்த்து ஊளையிட்டார்கள். கேன்ட் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டு, "என் ஓட்டு உனக்குத்தான்டா" என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. ஓட்டுக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி குறைந்து எங்களுக்கு மூன்றாம் இடம்.

டெவ்ரி அப்போது எங்கள் சமையலறையில்தான் இருந்தான், சாப்பிட அழைத்திருந்தேன். கல்லூரியில் அவனுக்கு இதுதான் கடைசி வருடம். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"கேன்ட்தான்," என்றேன். "அந்த நரி நம்மள நாலாவதாத் தள்ளியிருப்பான்."

"தெரியாமப் பேசாத, லொரீன்," என்றார் ஹார்லன்.

"இதுக்குத்தான் பிளே-ஆஃப் வேணும்னு தலையால அடிச்சுக்கிறேன். முதல் நாலு டீமும் மைதானத்துல இறங்கி ஆடித் தீத்துக்கட்டும். ஓட்டாம் ஓட்டு. நீதான் போற எடமெல்லாம், கோச்சுங்க கண்ணியமானவங்க, பிளே-ஆஃப் எதுக்குன்னு பேசின."

"கண்ணியமானவங்கதான்."

"அப்ப அந்தக் கண்ணியவான்கிட்டயே கேட்டுடறேன்."

போனை எடுத்து எண்களை அழுத்தினேன். ஹார்லன் எழுந்து வந்து இணைப்பைத் துண்டித்தார்.

"நாளைக்கு எல்லார் ஓட்டும் பேப்பர்ல வந்துடும். கேன்ட் நம்மளத்தான் முதல்ல போட்டான். காலையில சொன்னான்."

"அவன் சொன்னா நம்பிடறதா?"

"நம்பு. நம்மள மூணாவதாப் போட்டது நான்."

கையிலிருந்த போனை மேசையில் வைத்தேன்.

"சொந்த டீமுக்கே முதலிடம் போட்டா தற்பெருமையா இருக்குமேன்னு பாத்தேன்," என்றார். "எப்படியும் மத்தவங்க போட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

ஊரில் உள்ள அத்தனை முகத்தையும் சந்தேகத்தோடு பார்த்த நான், எதிரில் உட்கார்ந்து தினமும் காபி குடிக்கிற இந்த முகத்தை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். கோபமாக வந்தது. அவமானமாகவும் இருந்தது.

டெவ்ரிதான் பேசினான். "கோச், முழங்கால் போடச் சொன்னீங்க. ஏன்னு கேக்காமப் போட்டேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நாங்க மூணாவதுன்னு நெசமாவே நெனச்சீங்களா?"

"இல்லப்பா. நீங்கதான் முதல்."

"அத அங்க சொல்லியிருக்கலாமே, கோச்."

கோட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "சாப்பாடு நல்லா இருந்துச்சு, மேடம்."

கதவு சாத்திய பிறகு பார்த்தேன். தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது.