ருக்மணியின் புது மெத்தை

கோகிலாவுக்கு முதலில் வயிறு எரிந்தது அந்த மெத்தையைப் பார்த்துத்தான்.

செமாபோக்கில் இருந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தவளுக்கு, "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று மாமியார் பாக்கியம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். கேட்காமலே லீவு கொடுக்கிற மாமியாரா பாக்கியம்? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எட்டு மாத வயிற்றோடு மூன்று பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு காஜா பெராங் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், கொழுந்தன் தேவதாஸின் அறையில் புத்தம்புது இலவம்பஞ்சு மெத்தை. அதன்மேல் அவன் மனைவி ருக்மணி, பக்கத்தில் ஆண் குழந்தை. பழைய மெத்தை எங்கே என்று கோகிலா கேட்டாள். மூட்டைப்பூச்சி வந்துவிட்டது, கொளுத்திவிட்டோம் என்றார் மாமியார். மூட்டைப்பூச்சி கோகிலாவின் மெத்தையிலும் இருந்தது. அதை யாரும் கொளுத்தவில்லை.

குழந்தை பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனில் பிறந்ததாம். வயிற்றைக் கீறி எடுத்தார்களாம்.

"மயக்க மருந்து கொடுத்தாங்க, தூங்கினா. கண்ணு முழிச்சா, பக்கத்துல பிள்ளை. அவ்வளவுதான்" என்று பாக்கியம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். ருக்மணி தலையணையில் சாய்ந்தபடி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு கோகிலாவுக்குப் பிடிக்கவில்லை. கோகிலா மூன்று தடவையும் கிழிந்த பாயில் கிடந்து, பல்லைக் கடித்து, தொண்டை வற்றக் கத்திப் பெற்றாள். மூன்றும் பெண். இவளோ தூங்கி எழுந்து ஆண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிற மாதிரி.

அதோடு விட்டார்களா? ஆப்பரேஷன் புண்ணுக்கு ஹாருவான்தான் மருந்து என்று மலாய்க்காரர் ஒருவர் உயிரோடு தகரத்தில் கொண்டுவந்து கொடுப்பார். நம் விரால் மீன்தான். அதை ஆய்ந்து, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுச் சாறு வைக்கிற வேலை கோகிலாவுடையது. வழுக்கிக்கொண்டு ஓடும் அந்தச் சனியனைச் சாம்பல் தொட்டுப் பிடித்து அறுக்கும்போதெல்லாம், தன் பிரசவத்துக்கு இப்படி ஒரு மீன் துண்டு வந்ததுண்டா என்று நினைத்துப் பார்ப்பாள். வந்ததில்லை. கருவாடுதான் வந்தது.

ருக்மணி வாளி தூக்குவதில்லை. குனிந்து கூட்டுவதில்லை. மாலையானால் மாமியார் வெந்நீர்ச் சட்டியோடு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தேவதாஸ் உடனே ரேடியோவைச் சத்தமாக வைப்பான். பாட்டு, சில நாள் மெர்டேக்கா என்று சுதந்திரச் செய்தி, எது வந்தாலும் வீடு அதிரும். உள்ளே மருமகளுக்குக் கால் பிடித்துவிடுகிறார் போலிருக்கிறது, பாட்டோடு சேர்த்து, என்று கோகிலா அடுப்படியில் சட்டியை இடித்து வைப்பாள்.

கணவன் மருதமுத்துவிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் தெருமுனையில் சுதந்திர வளைவுக்குச் சாயம் அடித்துவிட்டுக் கையெல்லாம் மஞ்சளாக வந்திருந்தான். "அவளுக்கு உடம்பு முடியல, விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். முடியாத உடம்பு இப்படியா சிரிக்கும்?

பக்கத்து வீட்டுச் சந்திரமதி ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்தாள். "அன்னைக்கு நான் ஓடி வந்து பார்த்தப்போ..." என்று ஆரம்பித்தாள். பாக்கியம் கோகிலாவின் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்திரமதியின் கையில் காப்பியைத் திணித்து, கூட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். பிள்ளைத்தாய்ச்சியின் காதில் கெட்ட பேச்சு விழக்கூடாது, விழுந்தால் வயிற்றுப் பிள்ளை துடிக்கும் என்பது அந்த வீட்டில் சட்டம். கோகிலாவுக்கும் அது தெரியும். ஆனால் பொறாமைப்படுகிறவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? ருக்மணிக்குச் செய்த சீரைத்தான் தன்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

அடுத்த முறை தாய்மார் கிளினிக்குக்குப் போனபோது, மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸிடம் நேராகவே கேட்டுவிட்டாள், தனக்கும் கீறி எடுத்துவிடுங்கள் என்று.

மிஸ்ஸி சீனத்திதான், ஆனால் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவள். அவள் சிரிக்கவில்லை. கோகிலாவின் வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளையின் தலை சரியாகக் கீழே இருக்கிறது என்றாள். பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, வழி அடைபட்டாலோ, இடுப்பு எலும்பு குறுகலாக இருந்தாலோ, தாய் பிள்ளை இருவரில் ஒருவருக்கு ஆபத்து என்றாலோதான் கத்தி எடுப்பார்கள், ஆசைப்பட்டுக் கேட்டால் இல்லை என்று விளக்கினாள். கீறும்போது தெரியாது, வலியெல்லாம் அப்புறம்தான், இருமினால்கூட உயிர் போகும் என்றாள். கோகிலா நம்பவில்லை. வீட்டில் ஒருத்தி நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு கிடக்கிறாளே!

"நம்பலன்னா அவங்க வயித்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கம்மா" என்றாள் மிஸ்ஸி.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா கேட்டாள். ருக்மணியின் கை சட்டென்று சாரோங் முடிச்சைப் பிடித்துக்கொண்டது. "அப்புறம் காட்டுறேங்க்கா" என்றாள், அதே சிரிப்போடு. அன்றிலிருந்து கோகிலா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மீன் சாற்றைக் கதவோரம் வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

வலி ஒரு காலையில் கண்டது. பழைய சிட்டிக்காரர்கள் குடியிருக்கும் கம்பத்திலிருந்து பிடான் தெய்வானையைக் கூட்டிவந்தார்கள். பேர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். மூன்று பெண்களுக்கும் பேறு பார்த்த மருத்துவச்சி அவள்தான். கோகிலா இந்தத் தடவை வஞ்சம் வைத்துக் கத்தினாள். மருதமுத்துவைத் திட்டினாள், மாமியாரைத் திட்டினாள், புது மெத்தையைத் திட்டினாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாக்கியம் தலையைக் கோதிவிட்டு, "கத்தும்மா, நல்லாக் கத்து" என்றார். மத்தியானச் சோற்றுக்கு முன்பே குழந்தை பிறந்து வீறிட்டது. நாலாவதும் பெண். கோகிலா அதை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டாள். அசதியிலும், தனக்கு ஹாருவான் வராது என்ற நினைப்பு ஒரு மூலையில் இருந்தது.

எல்லாம் துடைத்து முடிந்த பிறகு ருக்மணி வந்தாள். சுவரைப் பிடித்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படி நடப்பதைக் கோகிலா அன்றுதான் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் முன்னால் ருக்மணி நடந்ததே இல்லை.

ருக்மணி மாமியாரைப் பார்த்துக் கேட்டாள்: "இனிமே பேசலாமா அத்தை?"

பாக்கியம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தலையாட்டினார்.

ருக்மணி சாரோங்கைத் தளர்த்தினாள். தொப்புளிலிருந்து கீழே வரை ஒரு சிவந்த கோடு, சாக்கு தைத்த மாதிரி. அடியில் ஓரிடம் இன்னும் மூடவில்லை. சீழ் வைத்த புண்ணுக்குத் துணி திணித்திருந்தது. தினமும் மாலையில் மாமியார் அதைத்தான் கழுவியிருக்கிறார்.

நஞ்சுக்கொடி பிள்ளைக்குக் கீழே வந்து வழியை அடைத்துக்கொண்டதாம். வலியே இல்லாமல் ரத்தம் கொட்டி மெத்தை ஊறிவிட்டதாம். யாரோ முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தை ஏற்றித்தான் பிழைத்தாளாம். இனி அடுத்தது என்றாலும் ஆஸ்பத்திரிதான், வீட்டில் பெறக்கூடாது, பழைய தையல் விட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ருக்மணி சமையல் குறிப்பு சொல்வது போல இதையெல்லாம் சொன்னாள். சிரிப்பு மட்டும் இல்லை.

"நீங்க பயந்துடக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. புண்ணைக் கழுவுறப்போ சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு தலையணையைக் கடிச்சுக்குவேன். அவரு ரேடியோ வைப்பாரு."

கோகிலா கை நீட்டி அந்தச் சாரோங்கை மெதுவாக மூடிவிட்டாள்.

"எம்பிள்ளை முதல்ல அழுததை நான் கேக்கவே இல்லக்கா. முழிச்சதும் யார் பிள்ளைன்னு ஆஸ்பத்திரி மிஸ்ஸிகிட்ட கேட்டேன்." ருக்மணி கோகிலாவின் குழந்தையைத் தொட்டாள். "காலையில நீங்க கத்தினதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். எனக்கு அவ்வளவு பொறாமையா இருந்துச்சு."

சொல்லும்போதே அவளுக்கு இருமல் வந்தது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு மடங்கினாள். பழக்கத்தில் வாயையும் இறுக்கிக்கொண்டாள். கூடத்திலிருந்த தேவதாஸ், அதுவும் பழக்கத்தில், எழுந்து ரேடியோப் பக்கம் போனான்.

"வைக்காதீங்க தம்பி" என்றாள் கோகிலா. பாயில் நகர்ந்து இடம் விட்டு, ருக்மணியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "அவ கத்தட்டும்."

தேவதாஸ் கையை எடுத்துக்கொண்டான். காஜா பெராங் தெருவுக்கே கேட்கும்படி ருக்மணி கத்தினாள்.