கழுகுப் பதக்கம்

மாக்கிறட் கறுப்பு நூலில் மூன்றாவது முடிச்சையும் போட்டு இறுக்கியபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மகள் யசிந்தா அந்த முடிச்சையே பார்த்தாள். அம்மா போட்ட முடிச்சை அவிழ்க்கக் கப்பற்காரன்தான் வரவேண்டும். வீட்டுக் கப்பற்காரரான அப்பாவோ பெட்டிக்குள் கிடக்கிறார்.

நூலில் கோத்திருந்தது, நாற்பது வருடமாக அப்பா வலன்ரைனின் கழுத்தில் கிடந்த கழுகுப் பதக்கம். பள்ளிமுனை ஊருக்கே அது புனித அருளப்பரின் பதக்கம். கோயிலில் அருளப்பர் சிலையின் காலடியில் நிற்பதும் கழுகுதானே! பிள்ளைக்குக் காய்ச்சல், மருமகளுக்குப் பேறு என்றால் இரவல் கேட்டு ஆள் வந்துவிடும். யசிந்தாவே நெருப்புக் காய்ச்சலில் அதைக் கையில் பொத்திக்கொண்டு கிடந்தவள்.

நேற்றுக் காலை, மூச்சுக்குத் திணறிக்கொண்டே அப்பா அவளிடம் மட்டும் சொன்னார்.

“அது அருளப்பர் இல்லைப் பிள்ளை. கப்பல்ல என்னோட வேலை செய்த போலந்துக்காரன் ஸ்ரனிஸ்லாவின்ர. அவங்கட நாட்டு விடுதலைக்காகத் தாங்களாவே பட்டாளத்துக்குப் போன பெடியளின்ர நினைவுக்கு அடிச்ச பதக்கம். அவன்ர அப்பப்பாவும் போனவராம். வருத்தமெண்டு அவனைத் துறைமுகத்தில இறக்கேக்க, ஆஸ்பத்திரியில களவு போயிடும், நீ வைச்சிரு, பிறகு வாங்கிறன் எண்டு தந்தவன். பிறகு ஆளைக் காணேல்லை.”

“அப்ப ஏன் அருளப்பர் எண்டு சொன்னனீங்கள்?”

“சண்டைக் காலத்தில ஆமிச் சென்றியில மறிச்சுக் கேக்கேக்க பட்டாளப் பதக்கம் எண்டு சொல்லேலுமே? எந்த நாட்டுப் பட்டாளம் எண்டு விளங்கப்படுத்த முதல் ஜீப்பில ஏத்தியிருப்பாங்கள்.” சிரிக்கப் போய் இருமினார். “விலாசம் அலுமாரிக்குள்ள கிடக்கு. அவன்ர ஆக்களிட்டச் சேர்ப்பிச்சு விடு. கொம்மாக்குச் சொல்லாதை. நான் கடலுக்குப் போன நாளெல்லாம் அதை நம்பித்தான் அவ நித்திரை கொண்டவ.”

இப்போது அந்த அம்மாதான் பதக்கத்தை அவர் நெஞ்சில் நேராக்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் அம்மாவின் நாற்பது வருட நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் ஊரான் பொருள் மண்ணுக்குள் போய்விடும். பாதர் வாசலுக்கு வந்துவிட்டார். சித்தப்பா கிறிஸ்ரி பெட்டியை அடைக்க மூடியைத் தூக்கிவிட்டார்.

“அம்மா,” என்றாள் யசிந்தா. பதக்கத்தைக் கையால் பொத்தினாள். அழுகை வந்துவிட்டது.

மாக்கிறட் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “கொப்பர் சொன்னவரோ?”

யசிந்தா தலையாட்டினாள்.

“பதக்கத்தின்ர பின்பக்கம் ரெண்டு வாள் கிடக்கு. அருளப்பருக்கு வாள் என்னத்துக்கு?” மாக்கிறட் குரலைத் தாழ்த்தினாள். “சண்டைக்குப் போன, ஆரோ பெத்த பிள்ளையளின்ர எண்டு மட்டும் விளங்கினது. அவைக்கும் சேத்துத்தான் செபமாலை சொன்னனான். என்னட்டைச் சொல்லுவார், சொல்லுவார் எண்டு இருந்தன். ஒருத்தருக்கும் சொல்லாமல் போயிட்டார் எண்டால் அவரோடயே போகட்டும் எண்டு கட்டினன்.”

அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்து, பதக்கத்தை மகளின் கையில் வைத்தாள்.

வெயிலில் கறுத்த அந்த நெஞ்சில், பதக்கம் கிடந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. மாக்கிறட் அதை விரலால் ஒருதரம் தடவிவிட்டு, சட்டைப் பொத்தானைப் பூட்டினாள்.